பாடல் யாருடையது, கூலி யாருக்கு?

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளிக்கிழமை காலையில் ஒரு திரைப்படம் வெளியாகிறது. மாலைக்குள் அதன் இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழுகிறது. அதே குழுவில் காலையில் வாயிற்கூட்ட அறிவிப்பு வந்திருக்கும். நண்பகலில் ஒரு தோழரின் தந்தை மறைந்த செய்தி வந்திருக்கும். அவற்றுக்கிடையே இந்த இணைப்பும் இயல்பாக இடம்பிடித்துக்கொள்கிறது. அனுப்பியவர் தம்மைத் திருடராகக் கருதுவதில்லை. பெறுபவர்களும் அவரை அப்படிக் கருதுவதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் கிடக்கும் பணப்பையை நடத்துநரிடம் ஒப்படைப்பவர்கள், கட்சி நிதியில் பத்து ரூபாய்க்கும் ரசீது எழுதுபவர்கள்தாம் இவர்கள்.

இந்த மனப்பான்மைக்கு இரண்டு ஆயத்த விளக்கங்கள் உலவுகின்றன. திரைத்துறை முதலாளிகளின் விளக்கம், திருட்டு திருட்டுதான் என்பது. இயக்கத்துக்குள் கேட்கும் விளக்கம் வேறு: நட்டம் முதலாளிக்குத்தானே, தொழிலாளிக்கு அதில் என்ன? முதல் விளக்கம் மக்களை இழிவுபடுத்துகிறது. இரண்டாவது விளக்கம், திரைப்படமும் ஒரு தொழிற்கூடத்தில் செய்யப்படும் பொருள் என்பதையும், அங்கும் கூலிக்கு உழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடுகிறது.

முதலில் மக்களின் உணர்வை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மிதிவண்டியை இன்னொருவர் எடுத்துச் சென்றால், உரியவர் நடந்து போக வேண்டும். ஒரு பாடலை நண்பருக்கு அனுப்பினாலோ பாடல் இருவரிடமும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் பிறப்பதற்கு முன்பே மக்கள் பாட்டைக் கேட்டுப் பாடினார்கள், மாற்றிப் பாடினார்கள், அடுத்த ஊருக்குக் கொண்டு போனார்கள். வயலிலும் ஆலையிலும் விடுதலைப் போராட்ட ஊர்வலத்திலும் பாடல் பரவியது அப்படித்தான். பகிர்வது நல்ல பண்பு என்று குழந்தைக்குக் கற்பிக்கும் சமூகத்தில், பகிர்வதே குற்றம் என்று திடீரென அறிவிக்கும் சட்டம் மனத்தில் ஒட்டாமல் போவதில் வியப்பில்லை.

வசதியின்மையும் இதனுடன் சேர்கிறது. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் இந்நாட்டில் உள்ள திரைகள் பத்தாயிரத்துக்கும் குறைவு. ஒற்றைத் திரையரங்குகள் மூடப்பட்டு, வணிக வளாகங்களில் பல்திரை அரங்குகள் எழுகின்றன. அங்கே நான்கு பேர் கொண்ட தொழிலாளிக் குடும்பம் ஒரு படம் பார்த்துத் திரும்பினால் சில நாள் கூலி கரைந்துவிடும். தாராவியிலும் தில்லியின் புறநகரிலும் வாழும் தமிழ்த் தொழிலாளிக்குத் தன் மொழிப் படம் ஓடும் அரங்கு எட்டாத் தொலைவில் இருக்கலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அலைபேசித் தரவு மலிந்தது, அரங்கு மலியவில்லை. இந்த இடைவெளியில்தான் இணைப்பு வந்து அமர்கிறது.

எர்ன்ஸ்ட் அண்டு யங் நிறுவனமும் இணைய நிறுவனங்களின் சங்கமும் 2024 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஊடக நுகர்வோரில் 51 விழுக்காட்டினர் அனுமதியற்ற வழிகளை நாடுவதாகவும், 2023-இல் அந்தக் கள்ளச் சந்தையின் மதிப்பு 22,400 கோடி ரூபாய் என்றும் அது கணக்கிட்டது. செய்தித்தாள்கள் கோடிகளை மட்டும் தலைப்பாக்கின. அதே அறிக்கை இன்னொன்றையும் கூறியது: விளம்பரங்களுடன் இலவசமாகக் கிடைத்தால் முறையான வழிக்கு மாற அவர்களில் 64 விழுக்காட்டினர் ஆயத்தமாக இருக்கிறார்கள். அதாவது மக்களிடம் சட்டத்தை மீறும் வெறி ஏதுமில்லை. விலையே அவர்களைத் தடுத்து நிறுத்துகிறது.

இத்தகைய கோடிக் கணக்குகளைத் தோழர்கள் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். இலவசமாகப் பார்த்த ஒவ்வொருவரும் காசு கொடுத்துப் பார்த்திருப்பார் என்று கொள்வதால்தான் பல நேரங்களில் தொகை இப்படி வீங்குகிறது. அமெரிக்கத் திரைப்படச் சங்கம் 2005-இல் நடத்திய ஆய்வொன்று, உள்நாட்டு இழப்பில் 44 விழுக்காட்டுக்குக் கல்லூரி மாணவர்களே காரணம் என்றது. 2008-இல் அச்சங்கமே அது கணக்குப் பிழை, சரியான அளவு 15 விழுக்காடுதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட மூன்றாண்டுகளில் அந்த 44-ஐக் காட்டி மாணவர்களுக்கு எதிரான கட்டுப்பாடுகள் கோரப்பட்டன. அந்நாட்டு இசைப்பதிவு நிறுவனங்கள் 2003 முதல் 2008 வரை சுமார் 35,000 பேர் மீது நடவடிக்கை எடுத்தன. 24 பாடல்களுக்காக மினசோட்டா மாநிலப் பெண் ஒருவருக்கு 2009-இல் நடுவர் குழு விதித்த தொகை 19 லட்சத்து 20 ஆயிரம் டாலர். மேல்முறையீடுகளுக்குப் பின் 2,22,000 டாலரில் நின்றது. மக்களின் மனப்பான்மை இதனால் மாறிவிடவில்லை. பாடலை எளிதாகவும் மலிவாகவும் கேட்கும் வழி வந்த பிறகே அங்கு பகிர்வு தணிந்தது.

இந்தியாவின் ஒலிநாடா வரலாறும் இதையே காட்டுகிறது. பல பத்தாண்டுகளாகத் திரையிசையில் கிராமபோன் கம்பெனியின் ஆதிக்கம் நிலவியது. 1980-களில் மலிவான ஒலிநாடா வந்ததும் அந்தக் கோட்டை சரிந்தது. டி-சீரிஸ் நிறுவனம், ஏற்கெனவே பதிவான பாடலை வேறு குரலில் மறுபதிவு செய்யலாம் என்ற சட்டப் பிரிவைப் பயன்படுத்திப் பழைய இந்திப் பாடல்களைப் புதிய பாடகர்களைக் கொண்டு பாடவைத்து, குறைந்த விலைக்கு நாடெங்கும் விற்றது. போஜ்புரி, கட்வாலி, ஹரியாணவி நாட்டார் பாடல்களும் அந்த மலிவுப் பெருக்கில்தான் சந்தைக்கு வந்தன. அன்று சட்டத்தின் விளிம்பில் வளர்ந்த அந்நிறுவனம் பின்னாளில் நாட்டின் மிகப் பெரிய இசை உரிமையாளர்களுள் ஒன்றாயிற்று. 2008-இல் மைஸ்பேஸ் தளத்தின் மீது பதிப்புரிமை மீறல் வழக்குத் தொடுத்தது. வேலி யாருடையது என்பது மாறியதும், வேலியைப் பற்றிய ஒழுக்கமும் மாறிவிட்டது. முதலாளித்துவத்தில் இதில் வியக்க ஒன்றுமில்லை.

வேலிக்குள் இருப்பது யாருடைய சொத்து? பாடலை எழுதியவருடையது, இசையமைத்தவருடையது, பாடியவருடையது என்றே பொதுமக்கள் நினைக்கிறார்கள். சட்டம் நெடுங்காலம் அப்படி நினைக்கவில்லை.

மார்க்ஸ் தம் உபரி மதிப்புக் கோட்பாடுகள் கைப்பிரதியில் கவிஞர் மில்டனை எடுத்துக்காட்டுகிறார். ‘இழந்த சொர்க்கம்’ காவியத்துக்காக மில்டன் பெற்றது 5 பவுண்டு. தன் இயல்பின் உந்துதலால் எழுதும் கவிஞர் மூலதனத்தின் பார்வையில் உற்பத்தித் திறனுள்ள உழைப்பாளி அல்லர். பாடகி தன் பாட்டைத் தானே விற்றாலும் அப்படித்தான். அவரையே ஒரு தொழில்முனைவர் கூலிக்கு அமர்த்திப் பாடவைத்துப் பணம் பார்த்தால், அக்கணமே அவர் மூலதனத்தைப் பெருக்கும் உழைப்பாளி ஆகிறார். பாட்டு அதேதான், உறவு மாறிவிட்டது. பதிப்புரிமை பற்றிய விவாதத்தில் மூலதனம் மறைக்க விரும்புவது இந்த உறவையே.

இந்தியாவில் அது 1977-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் சேர்ந்து 1969-இல் அமைத்த இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம், திரையரங்குகளில் ஒலிக்கும் இசைக்குக் கட்டணம் கோரியது. கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கம் எதிர்த்தது. தயாரிப்பாளர் பணம் கொடுத்துச் செய்வித்த பாடலுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாத வரையில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்பது தீர்ப்பு. நெசவாளி நெய்த துணி ஆலை முதலாளிக்கு என்பது போல, கவிஞர் எழுதிய வரி தயாரிப்பாளருக்கு.

அந்த அமர்வில் இருந்தவர்களுள் ஒருவர் வி. ஆர். கிருஷ்ணய்யர், 1957-இல் இ. எம். எஸ். தலைமையிலான கேரள அமைச்சரவையில் பணியாற்றியவர். தீர்ப்புடன் உடன்பட்டாலும் அவர் தனியே ஒரு குறிப்பை இணைத்தார். பாட்டுக்கு உயிர் கொடுக்கும் பாடகருக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, நாடாளுமன்றம் அதைக் கவனிக்க வேண்டும் என்றார். நிகழ்த்துக் கலைஞர்களின் உரிமை 1994 திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இன்னும் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தனர். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜாவேத் அக்தர் உள்ளிட்டோரின் முயற்சிக்குப் பிறகு 2012 மே மாதத்தில் நிறைவேறிய திருத்தம், அவர்களின் ராயல்டி பங்கை எந்த ஒப்பந்தத்தாலும் எழுதி வாங்க முடியாது என்று விதித்தது. இசை நிறுவனங்களும் தயாரிப்பாளர்களும் அதைக் கடுமையாக எதிர்த்தனர். கலைஞரின் பெயரால் திருட்டுப் பதிப்புக்கு எதிராகக் கண்ணீர் விடுவோர், கலைஞருக்குப் பங்கு என்ற பேச்சு வந்தபோது எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது மறக்கத்தக்கதன்று.

இந்தத் திருத்தமும் ஒரு வாசலோடு நின்றுவிட்டது. விளக்குத் தூக்குபவர், அரங்கம் அமைக்கும் தச்சர், உடை தைப்பவர், ஒப்பனை உதவியாளர், துணை நடிகர், படப்பிடிப்புச் சமையல் தொழிலாளி ஆகிய எவரும் சட்டத்தின் பார்வையில் ஆசிரியர் அல்லர். படம் நூறு ஆண்டு ஓடினாலும் அவர்களுக்கு நாள் கூலியும் பேட்டாவும் மட்டுமே. அவர்களுக்கென்று 1981-இல் நாடாளுமன்றம் மூன்று சட்டங்கள் இயற்றியது. தணிக்கைக்கு வரும் ஒவ்வொரு கதைப்படத்துக்கும் ஒரு சிறு தீர்வை விதித்து, அதிலிருந்து திரைத் தொழிலாளர் நல நிதி திரட்டப்பட்டது. மருத்துவமும் பிள்ளைகளின் கல்வி உதவியும் அந்நிதியின் பொறுப்பு. வருவாய் சொற்பம் என்று காரணம் கூறி ஒன்றிய அரசு 2016-இல் அந்தத் தீர்வையை ஒழித்தது. திரைத் தொழிலாளர்களின் வேலை நிலைமைகளை ஒழுங்குபடுத்திய சட்டமும் பின்னர்த் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைக்கப்பட்டது. திரைத்துறைக்குப் பல்லாயிரம் கோடி இழப்பு என்று அறிக்கை விடும் அரசு, திரைத் தொழிலாளிக்கு வந்துகொண்டிருந்த சில ஆயிரம் ரூபாயைத் தானே நிறுத்திய கதை இது.

எனினும் நட்டம் முதலாளிக்கு மட்டும் என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. பெரிய நடிகரின் படத்துக்குத் தொலைக்காட்சி உரிமையும் இணையத்தள உரிமையும் பல நேரங்களில் வெளியீட்டுக்கு முன்பே விற்றுவிடுகின்றன. கசிந்த பிரதி அதன் இலாபத்தைக் குறைக்கும், அடித்தளத்தை அசைக்காது. வட்டிக்குக் கடன் வாங்கி முதல் படம் எடுத்தவருக்கோ முதல் மூன்று நாள் வசூலே உயிர். அது போனால் பாக்கிக் கூலி போகிறது, அடுத்த படம் நின்றுபோகிறது. பாக்கிக் கூலியை முதலில் இழப்பவர் யார் என்று எந்தத் தொழிற்சங்கத் தோழரிடமும் விளக்க வேண்டியதில்லை. மும்பையிலும் ஹைதராபாதிலும் கொல்கத்தாவிலும் கொச்சியிலும் கூலிக்கு உழைக்கும் அந்தத் தொழிலாளி, வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பும் தோழருக்கு வர்க்கச் சகோதரர்.

இணைப்பைத் தரும் தளங்களைப் பொதுவுடைமைக் கிடங்குகளாக எண்ணுவதும் மயக்கமே. நண்பர் நண்பருக்குப் பாடல் கொடுப்பது வேறு. சந்தையில் இயங்கும் இந்தத் தளங்கள் வேறு. திரையரங்கில் படம் பிடிப்பவருக்குக் கூலி உண்டு, வழங்கிகளுக்கு வாடகை உண்டு. வருவாய் விளம்பரத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு சூதாட்டச் செயலிகளின் விளம்பரம் என்பது ஒரு முறை அங்கே நுழைந்தவருக்கும் தெரியும். பார்வையாளர் காசு தருவதில்லை, அவரது கவனம் விற்கப்படுகிறது. அப்படம் இலவசமென்றால், அந்தச் சூதாட்டச் செயலியில் மாதச் சம்பளத்தை இழந்த இளைஞரிடம் விலையைக் கேட்க வேண்டும்.

அரசின் மருந்து சிறையே. 2023 ஜூலை இறுதியில் நிறைவேறிய திரைப்படவியல் திருத்தச் சட்டம், அனுமதியின்றிப் பதிவு செய்பவருக்கும் பரப்புபவருக்கும் குறைந்தது மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய் முதல் படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கிறது. நூறு கோடி ரூபாய்ப் படமென்றால் ஐந்து கோடி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு பிணையில் விடமுடியாத, காவல்துறை தானே கைது செய்யத்தக்க குற்றம் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலையில் கூலி தராத முதலாளிக்கு இத்தகைய கடுமை எந்தச் சட்டத்திலும் இல்லை.

கதவை அடைக்கும் அதிகாரம் எங்கே பாயும் என்பதற்கும் அனுபவம் உண்டு. 2012-இல் ‘3’ என்ற தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம், பெயர் தெரியாதோருக்கு எதிரான தடை ஒன்றைப் பிறப்பித்தது. இத்தகைய எதிர்வாதிக்கு இந்திய நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பெயர் ‘அசோக் குமார்’. அப்பெயருடைய தோழர்கள் மன்னிக்க வேண்டும். இணையச் சேவை நிறுவனங்கள் அந்த ஆணையைக் காட்டி மே மாதத்தில் விமியோ உள்ளிட்ட தளங்களை முழுமையாக மூடிவிட்டன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என்று நீதிமன்றமே ஜூனில் விளக்க நேர்ந்தது. 2023 ஜனவரியில் பிபிசியின் மோடி பற்றிய ஆவணப்படம் அவசர அதிகாரத்தின் கீழ் முடக்கப்பட்டது. கேரளத்தில் இளைஞர்களும் மாணவர்களும் அதைப் பொது இடங்களில் திரையிட்டார்கள். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மின்சாரம் நின்றபோது மாணவர்கள் இருட்டில் அமர்ந்து அலைபேசிகளில் பார்த்தார்கள். அன்று கைக்குக் கை கடந்த பிரதிகளும் அனுமதி பெற்றவை அல்ல. பகிர்வு முழுவதையும் குற்றமாக்கும் சட்டத்துக்கு இயக்கம் கைதூக்க முடியாமைக்கு இது ஒன்றே போதும்.

நூல்களின் துறையில் வெற்றி ஒன்றும் கிட்டியது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகங்கள், தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு நகலகத்தின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்தில் உள்ள பக்கங்களை நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றதே குற்றம். மாணவர்கள் சங்கமாகத் திரண்டு வழக்கில் தம்மையும் இணைத்துக்கொண்டார்கள். அந்தப் பதிப்பகங்களுக்கு எழுதிய அறிஞர்களே அவ்வழக்கைக் கண்டித்தார்கள். 2016 செப்டம்பர் 16 அன்று தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வீகமாகவோ வந்த உரிமையன்று என்றது அத்தீர்ப்பு. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும், கற்பித்தலுக்காக நகலெடுக்கும் உரிமையை உறுதி செய்தது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. அங்கே மாணவர்கள் மறைவாக நகலெடுத்து ஒதுங்கவில்லை. எங்களுக்கு உரிமை உண்டு என்று வெளிப்படையாக நின்றார்கள்.

வெளிப்படையாக நிற்பதன் மதிப்பைத் தமிழர் முன்பே அறிவார்கள். பாரதியின் பாடல்களை ஒலிப்பதிவிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு படநிறுவனத்திடம் இருந்தது. 1948-இல் டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாடல் இடம்பெற்றபோது சட்ட அறிவிப்பு வந்தது. எழுத்தாளர்களும் கலைஞர்களும் பாரதியை விடுவிக்கக் கோரி எழுந்தார்கள். 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றது. பின்னர் அது பொதுமக்களுக்கே உரியதாயிற்று. இன்று மேடையில் பாரதி பாடலைப் பாடும் தோழர் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

அப்படியானால் கட்சி உறுப்பினர் அந்த வெள்ளிக்கிழமை இணைப்பை என்ன செய்வது? கூலிக்குச் செய்த புதிய படத்தின் இணைப்பைக் கட்சிக் குழுக்களிலும் சங்கக் குழுக்களிலும் அனுப்புவதை நிறுத்தலாம்; அதற்குப் பெரிய கோட்பாடு தேவையில்லை. ஆனால் அனுப்பும் சாதாரண மனிதரைத் திருடர் என்று ஏசும் பிரசாரத்தில் சேர வேண்டியதில்லை. அரசு மறைக்கும் ஆவணப்படம், மாணவருக்குத் தேவையான பாடநூல், சந்தையில் கிடைக்காமற்போன பழைய இசைப்பதிவு ஆகியவற்றை ஒரே கணக்கில் சேர்க்கவும் கூடாது.

பெரிய வேலை வேறிடத்தில் உள்ளது. கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் 1984-இல் ஒடெஸா கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டி, 1986-இல் ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்தார்கள். அதை ஊர் ஊராகத் திரையிட்டும் காட்டினார்கள். பணம் போட்டவர்களும் பார்த்தவர்களும் ஒரே மக்கள் என்னும்போது திருட்டுப் பிரதி என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. அது ஒரு படத்தின் கதை; ஒரு தொழில் முழுவதையும் அப்படி நடத்திவிட முடியாது. 2024 மார்ச்சில் கேரள அரசு தன் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் வழியே சி-ஸ்பேஸ் என்ற இணையத் திரையரங்கைத் தொடங்கியது. மாதச் சந்தா இல்லை. ஒரு படத்துக்கு 75 ரூபாய், அதில் பாதி படத்தை அளித்தவருக்கு. அரங்கு கிடைக்காத சிறு படங்களுக்கு அது ஒரு வாசல்.

அந்தப் பாதிக்குள் விளக்குத் தூக்கியவரின் பங்கு என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. அமெரிக்காவில் எழுத்தாளர்கள் 2023-இல் 148 நாட்களும், நடிகர்கள் 118 நாட்களும் வேலைநிறுத்தம் செய்து, இணைய ஓட்டத்திலிருந்து மீள்தொகையில் உயர்வு பெற்றார்கள். அங்கே தொழில்நுட்பத் தொழிலாளர்களின் ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கும் மீள்தொகையில் ஒரு பங்கு ஒப்பந்தப்படி போகிறது. இங்கே படம் இணையத்தளத்துக்கு விற்கப்படும்போது அந்தத் தொகையில் ஒரு விழுக்காடேனும் தொழிலாளர் நல நிதிக்குச் சேர வேண்டும், 2016-இல் பறிக்கப்பட்ட தீர்வை இணையத்தளங்களின் மீது புதிய வடிவில் விதிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கைகளைத் திரைத் தொழிற்சங்கங்களின் அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சுக்கு முன் எழுப்பியாக வேண்டும். அச்சங்கங்களில் பணியாற்றும் தோழர்கள் இதைத் தங்கள் பொதுக்குழுக்களில் வைத்து விவாதித்து, முடிவை மாநிலக் குழுவுக்கு எழுத்தில் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.